மச்சாளின் மவுண்டன் சைக்கிளுக்கு ஒரு ஃபோர்க்

துணி வெட்டும் மேசையில், பாதி தைத்த பாடசாலைச் சட்டைகளைத் தள்ளிவிட்டு, முன் சில்லைத் தாங்கும் அந்த ஃபோர்க்கைக் கிடத்தியிருந்தோம். ஸ்பிரிங் வைத்த இரண்டு கால்களில் ஒன்று உள்ளே இறங்கியது இறங்கியதுதான், இழுத்தும் வரவில்லை. மற்றதிலிருந்து கறுத்த எண்ணெய் கசிந்து, கீழே விரித்திருந்த பேப்பரை நனைத்துக்கொண்டிருந்தது. அண்ணையின் மனைவி, என் மச்சாள் (அவளுக்கு நானும் மச்சாள்தான்), கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பத்து நாள்தான் கிடக்கு" என்றாள்.

பத்தாம் நாள் மயிலிட்டியில் சைக்கிள் ஓட்டம். அது அவள் பிறந்த ஊர். ஒன்பது வயதில் தகப்பனின் சைக்கிள் பாரில் இருந்தபடி, போருக்குத் தப்பி, அதைவிட்டு வெளியேறியவளுக்கு, இராணுவம் பிடித்துவைத்திருந்த காணி திரும்பக் கிடைத்தபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. அந்த வருடம் ஊர் வாசிகசாலை முதன்முறையாகப் பெண்களுக்கும் ஓட்டம் வைத்தது. கடைசிப் பகுதி கடற்கரை ஒழுங்கை என்ற குறுகிய மணல் பாதை வழியாக, அவளுடைய பழைய வீட்டு வாசலைக் கடந்து போகும் என்று கேள்விப்பட்ட அன்றே பெயர் கொடுத்துவிட்டாள். நாங்கள் அப்போது உரும்பிராயில் இருந்தோம். தினமும் விடிய எழுந்து கோப்பாய் வரைக்கும் சைக்கிள் ஓடிப் பழகினாள். ஊர் திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப்போன பழைய மவுண்டன் சைக்கிள் அது. கடைசியில் அதன் ஃபோர்க்தான் காலை வாரியது.

யாழ்ப்பாணப் பட்டினத்தில், இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து சைக்கிள் கடை போட்டிருந்த முஸ்லிம் நானாவிடம் போனோம். கடை வாசலிலேயே சிவப்பும் பொன்னுமாக ஒரு புது ஃபோர்க் தொங்கியது. எனக்குப் பார்த்தவுடனேயே பிடித்துப்போயிற்று. "மச்சாள், உதுதான்! உதைப் பூட்டினால் பறக்கலாம்" என்று கூவிவிட்டேன்.

நானா அதை இறக்கித் தந்தார். "நல்ல சாமான், தங்கச்சி. ஆனா உங்கட சைக்கிளுக்குச் சரிவருமோ எண்டு அளந்து பாருங்க."

மச்சாள் கழுத்து நாடாவை உருவி, சட்டைக் கை அளக்கிறவளைப்போல அளந்தாள். பழையதைவிட அது மூன்று விரல் உயரம். பூட்டினால் சைக்கிளின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், மணலில் கைபிடி அலையும். அதுவும் போகட்டும் என்றால், எங்கள் பிரேக் கட்டைகளைப் பூட்டுகிற குமிழ்களே அதில் இல்லை.

"பிரேக்கையும் மாத்துவம்" என்றேன்.

"பிறகு சில்லை மாத்தோணும். பிறகு சைக்கிளையே மாத்துவீரோ? சட்டை சரியில்லையெண்டு ஆளை வெட்டேலாது, மச்சாள்."

நானா சிரித்துக்கொண்டே ஏணி வைத்துப் பரணில் ஏறினார். தூசி படிந்த, சாம்பல் நிற ஃபோர்க் ஒன்றோடு இறங்கினார். எங்களுடையதைப் போன்ற பழைய சைக்கிளில் கழற்றியதாம். கால்களின் உயரம் அச்சொட்டாக அதே அளவு, குமிழ்களும் இருந்தன. மச்சாள் அதை நிலத்தில் ஊன்றித் தன் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினாள். அது வழுக்கிக்கொண்டு இறங்கி, அதேபோல் மேலே வந்தது. இருவரும் சிறுபிள்ளைகளைப்போலக் கத்தினோம்.

கைபிடியோடு இணைகிற மேல் தண்டை அளந்தபோதுதான் எங்கள் சத்தம் அடங்கியது. முன்பு வைத்திருந்தவர் அதை வெட்டியிருந்தார். அரை அங்குலம் குறைவு. நானா உதட்டைப் பிதுக்கினார். மச்சாள் மட்டும் சைக்கிளுக்குக் கிட்டப் போய், கைபிடிக்குக் கீழே அடுக்கியிருந்த வளையங்களை விரலால் தடவினாள்.

"நானா, மடிப்பை அவிட்டால் அரை இஞ்ச் வருமே?"

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும், "அட, அது செய்யலாமே!" என்று மரை கழற்றுகிற சாவியை எடுத்தார். இரண்டு வளையங்களைக் கழற்ற, தண்டு கச்சிதமாகப் பொருந்தியது.

"கைபிடி பதிஞ்சுபோகும், குனிஞ்சுதான் ஓடோணும்" என்று எச்சரித்தார்.

"தையல் மெசினிலை குனியாத குனிவே!" என்றாள் மச்சாள்.

கடைக்கு முன்னால் ஏறி, பள்ளத்துக்குள் வேண்டுமென்றே விட்டு, திரும்பி வந்தாள். "ஐயோ மச்சாள், மெத்தையிலை இருக்கிற மாதிரி!" பொறுக்க முடியாமல் நானும் ஒரு சுற்று ஓடிப்பார்த்தேன்.

ஓட்டத்தன்று தார் றோட்டில் இளம்பெட்டைகள் எல்லோரும் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இன்று அந்த ஒழுங்கைக்கும் தார் போட்டாயிற்று. அன்று வெறும் கல்லும் மணலும். மெல்லிய சில்லுக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி உருட்டத் தொடங்கினார்கள். மச்சாள் இறங்கவில்லை. குனிந்த தலை நிமிராமல், முன் சில்லு கற்களில் ஏறி இறங்க, ஒவ்வொருவராகத் தாண்டி வந்தாள். முடிவுக் கயிற்றை இரண்டாவதாகக் கடந்தபோது நான் கத்திக்கொண்டே அவளிடம் ஓடினேன்.

அவள் நிற்கவில்லை. பரிசு வாங்க வரும்படி ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளோ சைக்கிளை ஒரு வட்டமடித்துத் திருப்பினாள்.

"மச்சாள், நில்லும்! எங்கை போறீர்?"

"இன்னொருக்கா ஓடிப்போட்டு வாறன்!" என்று கத்திக்கொண்டே, இன்னும் வந்துகொண்டிருந்தவர்களுக்கு எதிர்ப்பக்கமாக, தன் பழைய வீட்டு வாசல் இருந்த அந்த ஒழுங்கைக்குள் மறைந்துபோனாள்.