சாமி படம் இல்லாத காகிதம்

நாற்பது வருடமாகத் திருவண்ணாமலைக்குப் போய் வருகிறேன். சில வருடம் முன்புவரை, காலையில் சாப்பிட்டது ஒருமுறைகூட என்னோடு ஊர் போய்ச் சேர்ந்ததில்லை. செஞ்சியில் பஸ் ஏறினால் ஆலம்பூண்டி வரைக்கும் தாங்கும். கண்ணை மூடிக்கொண்டு போனாலும், நடத்துநர் "ஆலம்பூண்டி" என்று குரல் கொடுத்ததும் குமட்டிக்கொண்டு வந்துவிடும். கிருத்திகை விரதமாக வெறும் வயிற்றோடு போன அன்றும் வந்தது.

செய்தித்தாளை நாலாக மடித்து அதன்மேல் உட்கார்ந்தால் வாந்தி வராது என்று என் மனைவியிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எழுத்து மேல குந்தக் கூடாதுடி" என்றேன்.

"பக்கத்து சீட்டுக்காரர் மேல எடுக்கறதுக்கு இது தேவல, குந்துங்க."

சரஸ்வதியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆலம்பூண்டி வந்தது, போனது. வயிறு கம்மென்று இருந்தது. காகிதத்தில் என்ன மருந்து இருக்கிறதோ, ஈசனுக்குத்தான் வெளிச்சம். அதன்பிறகு காகிதம் இல்லாமல் நான் பஸ் ஏறியதில்லை.

பெண்ணுக்கு நிச்சயம் முடிந்து, முதல் பத்திரிகையை அண்ணாமலையாருக்கு வைக்கச் சம்பந்தியின் புதுக் காரில் கிளம்பினோம். மாப்பிள்ளை ஓட்டினார், பின்னால் நானும் சம்பந்தியும். சீட்டின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. இதில் வாந்தி எடுத்தேன் என்றால் என் பெண் போகிற வீட்டில் ஆயுசுக்கும் பேச்சுக் கேட்பாள். வீட்டிலிருந்து மடித்து எடுத்து வந்ததைச் சத்தமில்லாமல் போட்டு உட்கார்ந்தேன். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் அது சரக் சரக்கென்றது.

"இன்னா சம்பந்தி, சீட்டு அழுக்காயிடும்னு பேப்பரா? இது நம்ம வண்டிங்க. கொஞ்சம் எழுந்துக்குங்க."

உருவிப் பிரித்தார். நாளிதழோடு வரும் ஆன்மிக இணைப்பு அது. பக்கம் முழுக்க அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும்.

இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். யாரைப் பார்க்கப் போகிறோமோ அவர் மேலேயே உட்கார்ந்து வந்திருக்கிறேன். ஆலம்பூண்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இனி மறைப்பதில் பயனில்லை என்று விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

சம்பந்தி சிரிக்கவில்லை. "அப்ப வேற பேப்பர் வச்சுக் குந்துங்க" என்று தேட ஆரம்பித்தார். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார். ஜவுளிக்கடைப் பையில் லட்சுமி. மளிகை ரசீதின் தலையில் 'முருகன் துணை'. ஏதோ ஒரு அரசாங்கக் காகிதத்தை ஆவலாக எடுத்தார். அதிலும் கோபுர முத்திரை.

"கவர்மெண்டும் உடமாட்டுதே" என்றார்.

"நைனா, வண்டியோட குடுத்த புக்கு ஒண்ணு இருக்குது. எல்லாம் இங்கிலீஷு" என்று மாப்பிள்ளை எடுத்து நீட்டினார்.

அட்டையிலேயே பூஜை போட்ட குங்குமம். "உள்ளயும் எங்கியாவது வச்சிருப்பாங்க, பாத்துடுறேன்" என்று சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓடுகிற காரில் குனிந்த தலை நிமிராமல் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நான் மலை தெரிகிறதா என்று முன்கண்ணாடியையே பார்த்தபடி சிவசிவா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கீழ்பெண்ணாத்தூர் பலகையைப் பார்த்தபோதுதான் ஆலம்பூண்டி எப்போதோ போய்விட்டது உறைத்தது. வெறும் சீட்டில் இருக்கிறேன். நாலு இட்லியும் உள்ளேயே இருக்கிறது. சந்தோஷத்தில் சம்பந்தி பக்கம் திரும்பினேன். அவர் முகம் வெளுத்து, புத்தகத்தைப் புரட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"வண்டிய ஓரமா..." என்று வாயைத் திறந்தவர் அதற்குமேல் பேசவில்லை. புது சீட்டு, புத்தகம், எல்லாம் போயிற்று.

சாலையோரப் புளியமரத்தடியில் அவரைக் குனியவைத்து நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன். இப்போது அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "உங்க பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க சம்பந்தி. மாமனாரு இப்படின்னு நெனச்சுக்கப் போவுது" என்றார்.

"சொல்லமாட்டேன், நீங்க நல்லா எடுத்துடுங்க" என்று முதுகை நீவிவிட்டேன். காரில் போகலாம் என்று சொன்ன நாளிலிருந்து எனக்கிருந்த நடுக்கம் அந்த மரத்தடியில்தான் அடங்கியது.