பீர் முகம்மதுவின் வலது கை

"இந்தக் கைக்குத் தெரியாத சூடு கோவில்பட்டித் தாலுகாவிலேயே கிடையாது" என்று 1958 கோடையில் பீர் முகம்மது பிரகடனம் செய்தபோது மறுத்துப் பேச ஆளில்லை. தீப்பெட்டி ஆபீசில் மெழுகுச் சட்டி அவர் பொறுப்பு. குச்சி அடுக்கிய சட்டங்களை உருகிய மெழுகில் முக்கி எடுக்க வேண்டும். சூடு குறைந்தால் மெழுகு அப்பிக்கொள்ளும்; கூடினால் புகையும். விரல் நுனியை ஒரு கணம் தொட்டெடுத்து, "இன்னும் ரெண்டு விறகு" என்பார். அது சரியாகவே இருக்கும். முக்குவது, தொடுவது எல்லாம் வலது கை. இடது கை இடுப்பில் ஓய்வாக இருக்கும்.

புகழ் தெருவுக்கும் பரவியது. பிள்ளை சிணுங்கினால் தாய்மார்கள் ஆபீஸ் வாசலுக்கே தூக்கி வந்தார்கள். சட்டியை விட்டு எழுந்து வந்து நெற்றியைத் தொடுவார். இடது கையால் தொட்டால் மரியாதையா? வலது கைதான்.

"ஒண்ணுமில்ல தாயி, குளுகுளுன்னு இருக்கு."

பன்னிரண்டு வருடத்தில் அவர் தொட்ட ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் இருந்ததில்லை. கைராசி என்றது ஊர்.

ஒரு மத்தியானம் அவர் மகள் நபீசாவே சுருண்டு படுத்துவிட்டாள். வீடு எதிர்ப்புறம்தான். சட்டியிலிருந்து நேரே வந்து தொட்டார்.

"காய்ச்சல் இல்ல."

"புள்ள அனலாக் கொதிக்கா, என்னத்தச் சொல்லுதீங்க!" என்றாள் மனைவி சைத்தூன் பீவி. அவள் கூப்பிட்டு வந்திருந்த கம்பவுண்டர் சங்கிலிப்பாண்டி தெர்மாமீட்டரை உதறினார்.

"அந்தக் கண்ணாடிக் குச்சியா எனக்குச் சொல்லித்தரப் போவுது?"

"அண்ணாச்சி, உங்க கை மெழுகுச் சூட்டோட வருது. அதைவிடச் சூடு கம்மியா எதைத் தொட்டாலும் குளுகுளுன்னுதான் இருக்கும். இதுக்குள்ள இருக்க பாதரசம் அக்குளுக்குள்ள ரெண்டு நிமிசம் கெடந்து, புள்ள சூட்டையே வாங்கிக்கிடும். அதுக்கு எம்புட்டு விரியணுமோ, அம்புட்டுத்தான் ஏறும்."

"ஏறட்டும், உம்ம வீட்டுல ஏறட்டும். புள்ள பசியில கெடக்கா. கஞ்சியக் கொண்டா."

கிண்ணத்தை வலது கையில் வாங்கி, இடது கையால் மகளின் பிடரியைத் தாங்கித் தூக்கினார். தாங்கிய கை திடுக்கிட்டது.

கிண்ணத்தைக் கீழே வைத்தார். வலது கையை நெற்றியில் வைத்தார். பிறகு, மரியாதையை மறந்து, இடது கையை. ஒரே நெற்றி, இரண்டு தீர்ப்பு.

மகளின் கையை மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வைங்க தம்பி" என்றார்.

நூற்று மூன்று.

ஆஸ்பத்திரிக்குக் குதிரை வண்டி பிடிக்க ஓடினார். வாசலில் அடுத்த வீட்டு இசக்கியம்மாள் சிணுங்கும் பிள்ளையை நீட்டினாள்.

"அண்ணாச்சி, செத்தத் தொட்டுப் பாருங்க."

"உள்ள கம்பவுண்டர் இருக்காவ தாயி. அவியகிட்டக் காட்டு."