பிஸ்கட் கணக்கில் விழுந்த ரஸ்க்

ஏற்காட்டில் பேக்கரி வைத்திருப்பவர்களுக்கு உலகத்துப் பண்டங்கள் மொத்தமும் இரண்டே வகைதான். பனி பட்டால் கெடுவது ஒன்று, பனி பட்டாலும் கெடாதது இன்னொன்று. பிஸ்கட்டும் ரஸ்க்கும் முதல் வகை. கவரில் போட்டு ஒட்டியிருந்தாலும் முகப்பு ரேக்கில் ஒரு ராத்திரி கிடந்தால் மறுநாள் நமத்துப்போயிருக்கும். அதனால் விறகு அடுப்பின் சுவரை ஒட்டிய அறையில், தகர டின்களில் அடுக்கி வைப்போம். அந்தச் சுவர் எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும். ரொட்டி, பன், தேங்காய் வைத்த தில்பசந்து எல்லாம் முன்னால் திறந்த ரேக்கில் இருக்கும். பனி அவற்றை ஒன்றும் செய்வதில்லை.

நான் சேலத்துப் பெண். பி.காம் படித்தவள். கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில்தான் ஜி.எஸ்.டி.யும் வந்தது. கடையில் என்னென்ன விற்கிறோம், எது எந்த வகை என்று ஒரு பட்டியல் கேட்டார்கள், சேலத்தில் எங்களுக்குக் கணக்குத் தாக்கல் செய்யும் ஆடிட்டர் ஆபீசில். புது மருமகள், படித்தவள், விடுவேனா? நோட்டை எடுத்துக்கொண்டு மாமனாரின் பின்னாலேயே நடந்தேன். அடுப்புச் சுவர் அறையைக் காட்டி, “இதெல்லாம் பிஸ்கட் வகைதான் கண்ணு” என்றார் அவர். முன் ரேக்கைக் காட்டி அதெல்லாம் ரொட்டி வகை என்றார். நான் அப்படியே எழுதினேன். கேக்கை மட்டும் தனியாக எழுதினேன். அன்றைக்கு என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தது என்று எனக்கே ஒரு பெருமை. இப்போது நினைத்தால் அந்த நோட்டை அடுப்பில் போடலாம் போல இருக்கிறது.

பட்டியலின்படி ரொட்டிக்கு வரி கிடையாது. பிஸ்கட்டுக்குப் பதினெட்டு சதவீதம். ரஸ்க் பிஸ்கட்டோடு போயிற்று, தில்பசந்து ரொட்டியோடு போயிற்று. வருஷக்கணக்கில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மலைமேலேயே இருக்கிற கொட்டச்சேட்டு ஊர்க் கடைகளிலிருந்து எங்கள் ரஸ்க் பாக்கெட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. என் கணவர்தான் ஜீப்பில் சரக்கு கொண்டுபோவார். கீழே இருந்து வேறொரு கம்பெனி ரஸ்க் வருகிறது, அதே எடை, அதே ஏலக்காய் வாசம், விலை ஐம்பத்திரண்டு, நம்முடையது ஐம்பத்தொன்பது என்றார். மாமனார் இரண்டு நாள் திரும்பி வந்த பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், இந்த வாரத்தோடு ரஸ்க்கை நிறுத்திவிடலாம், ரொட்டியும் கேக்கும் போதும் என்றார்.

அவர் அதைச் சொன்னபோது ரஸ்க் வெட்டும் அக்கா மேஜையருகில்தான் நின்றிருந்தார். கிளியூர்க்காரர். முன்பு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போனவர். முழங்கால் தேய்ந்தபின் சரிவில் ஏறி இறங்க முடியவில்லை. எங்கள் கடையில் ரொட்டியைத் துண்டு போடுவது, தட்டில் அடுக்குவது, வாட்டி எடுப்பது, கவரில் கட்டுவது எல்லாம் அவர்தான். ரஸ்க் இல்லையென்றால் அவருக்கு எங்களிடம் வேலை இல்லை. இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவர் வெட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் என் கணவர் கொட்டச்சேட்டுக் கடைக்காரரிடம் கேட்டு, அந்தக் கம்பெனி ரஸ்க்குக்கான பில்லைப் படம் பிடித்து வந்தார். நான் வரிக் கட்டத்தைத்தான் முதலில் பார்த்தேன். மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை. மொத்தம் ஐந்து! பதினெட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து! எனக்கு ரத்தம் கொதித்தது. திருட்டுப் பயல்கள், வரியை ஏய்த்து விலையைக் குறைத்து எங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று கத்தினேன். அந்தக் கையோடு ஆடிட்டர் ஆபீசுக்குப் போன் போட்டேன், இவர்கள்மேல் எங்கே புகார் கொடுப்பது என்று கேட்க.

போனை எடுத்தது அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண். என் கூச்சலை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏனுங்க, ரஸ்க்குக்கு அஞ்சு தானுங்களே. நீங்க எதுக்குங்க பதினெட்டு போடறீங்க?” என்றாள்.

ரஸ்க், வாட்டிய ரொட்டி, அதுபோல வாட்டி எடுக்கிற பண்டங்கள், இவற்றுக்குத் தனியாக ஒரு வரி எண் இருக்கிறதாம், ஆரம்பத்திலிருந்தே. எங்கள் பட்டியலில் ‘பிஸ்கட் வகை’ என்று நான் எழுதிக் கொடுத்ததை அவர்கள் அப்படியே ஏற்றிவிட்டார்கள். கீழே சேலத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எங்கள் அடுப்புச் சுவரைப் பற்றி என்ன தெரியும்? பிஸ்கட் என்றால் பிஸ்கட். திருடனைப் பிடிக்கப் போன நான் என் கையெழுத்தையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெட்கம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே மனசுக்குள் கணக்கு ஓடியது. ஐந்து போட்டால் எங்கள் பாக்கெட்டும் ஐம்பத்திரண்டு ஐம்பது! ரஸ்க்கை நிறுத்தவே வேண்டாம்! எழுந்து ஒரு குதி குதித்தேன், ஸ்டூல் சாய்ந்தது. அந்தப் பெண் மட்டும் நிதானமாக, பெயரில் ரஸ்க் என்று இருந்தால் போதாது, செய்முறையைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்றாள். மாவிலிருந்து ஒரே தடவையில் சுட்டு எடுப்பதா, ரொட்டியாகச் சுட்டபின் மறுபடி வாட்டுவதா என்று கேட்டாள்.

பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் போனை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடி, ஸ்பீக்கரில் போட்டு, ரஸ்க் வெட்டும் அக்காவின் முன்னால் நீட்டினேன். எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள் என்றேன். யாரிடம் பேசுகிறோம், எதற்கு என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

“மொதல்ல ரொட்டியாவே சுட்டுருவாங்க. ஒரு நா ஆறோணுமுங்க. அப்பறம் நானு வெரல் கனத்துக்கு வெட்டி, தட்டுல அடுக்கி, தணல் அடங்குனதுக்கப்பறம் மறுக்கா உள்ள தள்ளுவனுங்க. ஒரு பக்கம் செவந்ததும் திருப்பிப் போடோணும். நொம்ப நேரம் நிக்கோணுமுங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “பிஸ்கட்டா இருந்தா அதோட முடிஞ்சுதுங்களே. என்னைய எதுக்குங்க வேலைக்கு வெக்கறாங்க?”

மறுமுனையில் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். இதுதான் வேண்டியது, இதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அரசாங்கம் பிஸ்கட்டையும் ரஸ்க்கையும் பிரித்து வைத்திருப்பது இந்த அக்கா நின்றுகொண்டு செய்கிற அந்த இரண்டாவது வேலையை வைத்துத்தான். அதைச் செய்கிறவரைத்தான் நாங்கள் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தோம். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். முந்தானையைப் பிடித்தபடியே அவர் விழித்தார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெண் கெட்டிக்காரி. கையோடு பட்டியல் முழுவதையும் ஒரு தடவை வாசியுங்கள், சரிபார்த்துவிடலாம் என்றாள். நான் உற்சாகத்தில் கணீரென்று வாசித்தேன். தில்பசந்தில் நிறுத்தினாள். உள்ளே தேங்காயும் சர்க்கரையும் செர்ரியும் வைத்து மூடினால் அது ரொட்டி இல்லை, பேஸ்ட்ரி, அதற்குப் பதினெட்டு என்றாள். இத்தனை வருஷமாக நாங்கள் அதற்கு ஒரு பைசா வரி வாங்கியதும் இல்லை, கட்டியதும் இல்லை. ரஸ்க்கில் கூடுதலாகக் கட்டியது வருமா என்று கேட்டேன். அது வாங்கினவர்களிடம் வசூலித்த வரி, நமக்குத் திரும்பாது என்றாள். தில்பசந்துக்கு மட்டும் வட்டியோடு கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். இது எந்த ஊர் நியாயம் என்று அவளிடம் சண்டை பிடித்தேன். அவள் என்ன செய்வாள், பாவம். பிறகு வரியையே மாற்றிவிட்டார்கள்; இன்றைக்கு ரஸ்க், பிஸ்கட், கேக், பேஸ்ட்ரி எல்லாவற்றுக்கும் ஐந்துதான். இந்தச் சண்டைக்கு இப்போது வேலையே இல்லை.

அன்று மாலை மாமனாரிடம் இரண்டையும் சொன்னேன். ரஸ்க்கைக் கேட்டபோது முகம் மலர்ந்தது. தில்பசந்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“நம்மளாச் சொன்னாத்தான கண்ணு வரி ஆபீசுக்குத் தெரியும்?”

ஆமாம் என்றேன். ரஸ்க்கை மட்டும் மாற்றலாமே என்றார். மாற்றலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பது என் கையெழுத்து. தெரியாமல் எழுதினது வேறு. இனி தெரிந்தே விட்டால் அது என் பொய்யாகிவிடும்.

“மாத்துனா ரெண்டையும் சேத்துத்தானுங்க மாத்துவேன், மாமா.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. இவர் முடியாது என்றால் ரஸ்க் நிற்கும். என் ரோஷத்துக்கு விலை கொடுக்கப்போவது நானில்லை, உள்ளே தட்டு அடுக்குகிற அந்த அக்கா. அதை யோசிக்காமலா வாயை விட்டேன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

மாமனார் எழுந்து முன் ரேக்குக்குப் போனார். தில்பசந்து ஒன்றைக் கையில் எடுத்து, கவரோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் கடையில் அதைச் செய்ய ஆரம்பித்தவரே அவர்தான். திரும்ப ரேக்கில் வைத்துவிட்டு வந்தார்.

“கட்டிப்போடலாம் சாமி. வெல ஏறுதுன்னு உள்ள தேங்காயக் கொறச்சுப்போடாத, அது மட்டும் பாத்துக்க.”

அப்படி ஒரு சந்தோஷம் எனக்குப் பரீட்சையில் பாஸானபோதுகூட வரவில்லை. உள்ளே ஓடினேன். அக்கா வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்துக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்: ஐந்து, பதினெட்டு, எண், பேஸ்ட்ரி, வட்டி, எழுதப்போகும் புதுப் பட்டியல், மாமா சம்மதித்தது. அவர் கடைசிவரை கேட்டார். பதினெட்டும் ஐந்தும் அவருக்குள் போனதாகத் தெரியவில்லை.

“அப்ப நாளைக்கு எத்தன தட்டுக்குங்க வெட்டறது?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் வாசலில் நின்றபடி பதில் சொன்னார். இருபது என்றார். நாங்கள் வழக்கமாகப் போடுவது பன்னிரண்டு.

அக்கா தலையாட்டினார். பையைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கு ரொட்டி பத்தாது, மாவு பிசைகிறவரிடம் இப்போதே சொல்லிவிட்டு வருகிறேன் என்று, வலிக்கிற முழங்காலோடு விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனார்.