இறங்கி ஓடிய கால்கள்

“நீ படிச்ச படிப்பு மருந்துப் போத்தல்ல ஒட்டுன காயிதத்த வாசிக்கத்தான் ஒதவும் புள்ள. எழுத்தப் பாத்தா நோவு எறங்கிப் போயிருமா?” என்று ஆத்தா ஒருமுறை கேட்டாள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நோயாளிகளின் பதிவுப் புத்தகம் எழுதினேன். லயத்து வரிசை வீடுகளில் வேறு எந்தப் பெண்ணுக்கும் அப்படியொரு வேலை இல்லை என்பதை நான் மறந்ததில்லை.

அண்ணன் தப்பால்காரன். தினமும் தோட்டத்துத் தபால் பையோடு அப்புத்தளை ஸ்டேசனுக்கு ஏறி இறங்குவான். ஒரு மழைக்காலத்தில் துரை அவசரக் கடிதம் கொடுத்து அவனைப் பதுளைக்கே அனுப்பினார். அப்போது ரயில் பதுளைவரை போகவில்லை. காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும்போது புறப்பட்டவன் இறக்கமெல்லாம் ஓடியே போயிருக்கிறான். மறுநாள் உச்சிவேளைக்குத் திரும்பியபோது வாசற்படியில் கால் வைக்க முடியவில்லை.

“ஏத்தத்துல மூச்சுதான் வாங்குச்சு. எறக்கந்தான் கால ஒடச்சிருச்சு” என்றான்.

தொடைகள் பலகைபோல இறுகி வீங்கியிருந்தன. ஆத்தா நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவி, தொடைமேல் ஏறி மிதித்தாள். அவன் தண்ணீர் கேட்டான். தரவில்லை. ஓடிவந்த உடம்பு முழுக்க ஆறும்வரை தண்ணீர் கொடுப்பது லயத்தில் வழக்கமில்லை. குடித்தால் சதை கட்டிப்போகும் என்பார்கள். ஒரு வாய் சாராயம் மட்டும் கொடுத்தாள்.

அடுத்த நாள் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போய்வந்த அண்ணன், என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு, ஆத்தாவின் காதில் ஏதோ சொன்னான்.

“மூத்திரம் சாயத்தண்ணியாட்டம் போவுதாம்” என்று ஆத்தா என்னிடம் வந்தாள். “எந்த ஆத்தோரமா ஓடியாந்தானோ, முனி அடிச்சிருக்கு.”

டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் ஐயா வேறு தோட்டத்துக்குப் போயிருந்தார். நாளைதான் வருவார். காய்ச்சலில் மூத்திரம் கறுத்தவர்களுக்குத் தண்ணீர் நிறையக் கொடுக்கும்படி அவர் சொல்ல, நான் எழுதியிருக்கிறேன். அப்படிக் கறுத்து, பிறகு மூத்திரமே நின்றுபோன ஒருவர் இறந்ததை எழுதியதும் என் கைதான். அண்ணனுக்குக் காய்ச்சல் இல்லை. ஆனாலும் அந்த வரி கண்முன்னால் நின்றது. கேத்தலில் கொதித்து ஆறிய தண்ணீரையும், மூத்திரம் பிடித்துப் பார்க்க ஒரு தகர டின்னையும் எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

“அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பொறுப்பாடி?”

“ஆமா, நாந்தான். தள்ளி நில்லு ஆத்தா. இனி அந்தக் கால மிதிக்காத.”

“நான் குடிக்கிறேன்” என்றான் அண்ணன். “ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்ட போடுங்க. டின்ன மட்டும் வச்சிட்டுப் போங்க.”

ஒவ்வொரு தடவையும் அந்த டின்னை வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முதலில் கறுப்பு. மாலையில் தேத்தண்ணி நிறம். மறுநாள் விடிந்தபோது காய்ந்த மானாப்புல்லின் வெளிர்மஞ்சள். அந்த நிறத்தைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஐயா வந்து தொடையை அழுத்திப் பார்த்தார். “சததான் நொறுங்கி மூத்திரத்துல கலந்து வந்துச்சோ என்னவோ. எனக்குச் சரியாத் தெரியலம்மா. தண்ணி குடுத்ததுதான் உசிர காப்பாத்தியிருக்கு” என்றார். ஆத்தா கேத்தலை மறுபடி அடுப்பில் வைத்தாள்.

ஒரு வாரம் அண்ணன் படிகளைப் பின்புறமாகத்தான் இறங்கினான். “பொண்ணு பாக்கவும் இப்புடித்தான் போவியா?” என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் கேலி செய்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, மறுபடியும் பதுளைக்குக் கடிதம். அதே பாதை, அதே ஓட்டம். திரும்பி வந்தவன் இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். தொடை லேசாக வலிக்கிறது என்றான், அவ்வளவுதான். மறுநாள் மூத்திரத்தை டின்னில் பிடித்துப் பார்த்தபோதும் கறுப்பு இல்லை.

நான் அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை உடைந்த சதை, அந்த இறக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு தன்னைத் திருத்திக் கட்டியிருக்கிறது. படுத்துக் கிடந்தவனுக்கே தெரியாமல், மருந்து ஒரு சொட்டும் இல்லாமல். தோலுக்கு அடியில் அந்த வேலை எப்படி நடந்தது? ஐயாவிடம் கேட்டேன். அவர் தெரியாது என்றார். டிஸ்பென்சரியில் இருந்த புத்தகத்திலும் இல்லை.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் பதுளை ஆஸ்பத்திரிக்கு மனு எழுதினேன். இப்போது அங்கே நர்ஸ் வேலை பழகுகிறவர்களின் விடுதியில், ஜன்னலோரக் கட்டிலில் எனக்கு இது ஒன்பதாவது நாள்.