கோணல் டை

மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கும் பள்ளியில் நீச்சல்குளம் உண்டு, குதிரையேற்றமும் உண்டு. அதன் பஸ்ஸில் உதவியாளராக வருபவர் தாராவிக்காரர். ஒல்லி உடம்பு, நீலப் புடவை, பெரிய குங்குமப் பொட்டு. பிள்ளைகள் அவரை இந்தியில் 'தீதி' என்பார்கள், அக்கா என்று. வாசலில் ஒவ்வொரு பிள்ளையையும் இறக்கி, டையைச் சரிசெய்துதான் உள்ளே அனுப்புவார். ஒரு சிறுமியை மட்டும் தொடமாட்டார். அவள் டை கோணலாகவே போகும்.

என் மகனைக் காரில் கொண்டுவிடும்போதெல்லாம் இதைப் பார்த்து எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அந்தப் பிள்ளைய மட்டும் ஏன் ஒதுக்குறீங்க?"

"அது எம் மவ, மேடம். இலவச சீட்டுல படிக்கா. தெரிஞ்சா மத்த பிள்ளைங்க கேலி பண்ணும். பஸ்ல என்னைய தீதின்னுதான் கூப்பிடணும்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அதுக்கு டையச் சரிபண்ணக் கூடாதா?"

"என் கை பட்டா அம்மான்னுருவா."

மறுநாளும் டை கோணலாகத்தான் இருந்தது. "பை தீதி" என்றாள் சிறுமி. "பை பேட்டா" என்றார் அவர், இந்தியில் 'குழந்தை' என்று; மற்றப் பிள்ளைகளிடம் சொல்லும் அதே குரலில். இதை இருவரும் வீட்டில் சொல்லிப் பார்த்துப் பழகினார்களா என்று நான் கேட்கவில்லை.