பம்ப் ரூமில் இருந்த வல்லூறு

எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் போன வாரம் ஒரு பிளாஸ்டிக் பருந்தைக் கட்டிவைத்தார்கள். புறாத் தொல்லைக்கு மருந்தாம். சங்கச் செயலாளரே ஏணியில் ஏறிக் கட்டினார். மூன்றாம் நாள் காலை ஆறே காலுக்கு நான் துணி காயப்போடப் போனபோது பருந்தின் தலையில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. செயலாளரிடம் சொல்லவில்லை, நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். எதற்கும் எனக்குத் தெரிந்த பரிகாரம் அது ஒன்றுதான்.

பருந்தைவிட, அதன் அடியில் கிடந்த எச்சத்தின் வாடைதான் என்னை வளைகுடாவின் அல் ஐனுக்குக் கொண்டுபோனது. தொண்ணூறுகளின் நடுவில் அந்த ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் எழுத்தராக இருந்தேன். அங்கே தீவனக் கொட்டகையில் இதே வாடைதான். தோட்டம் என்றதும் நம் ஊர்த் தோப்பை நினைத்துக்கொள்ளாதீர்கள். மணலுக்கு நடுவே சுவர் எழுப்பி, ஆழ்குழாய்த் தண்ணீரில் பேரீச்சையும், ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் பசுந்தீவனமும், குளிர்காலத்தில் பார்லியும் போட்ட இடம். எந்தப் பம்ப் எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை கட்டுத் தீவனம் வெளியே போனது என்று எழுதுவது என் டியூட்டி. அது போதாதென்று காற்றின் திசையையும் எழுதினேன். யாரும் கேட்கவில்லை.

பார்லி கதிர் பிடித்ததும் புறாக்கள் வந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அர்பாப் (முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வோம்) சிநேகிதர்களோடு துப்பாக்கி எடுத்துக்கொண்டு வருவார். வயலின் மறுகோடியில் நின்று காலி நெய் டின்னைத் தட்டிப் புறாக்களைக் கிளப்புவது சாகுலின் வேலை. கீழக்கரைக்காரன், முப்பது வயது, மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில். என்னைக் ‘காக்கா’ என்பான். எங்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் அழைப்பது.

“கல்யாண வீட்லகூட இவ்ளோ கொட்டு தட்டினதில்ல காக்கா. அங்கயாச்சும் பிரியாணி தட்டுல வரும். இங்க நாமளேல்ல ஆக்கணும்” என்பான். விழும் புறாக்களில் பாதி எங்கள் ரூமுக்கு வந்துவிடும் என்பதால் அவன் குறைப்பட்டுக்கொண்டதாகவும் சொல்ல முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை புறாக்கள் வழக்கம்போலப் பரந்து சுற்றவில்லை. கூட்டம் திடீரென்று இறுகி, தரையை நோக்கிச் சரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வெயிலுக்குள்ளிருந்து ஒரு வல்லூறு இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் விருந்தாளி ஒருவர் சுட்டுவிட்டார். புறாக்களைத்தான் குறிவைத்தார்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டு புறாக்களும் வல்லூறும் விழுந்தன.

அதன் காலில் தோல்வார் இருந்தது. யாரோ வளர்த்துப் பழக்கிய பறவை. அந்த நாட்டில் இன்னொருவரின் வல்லூறைச் சுட்டவன் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து காப்பி குடிக்க முடியாது. அர்பாப் கிட்டேகூடப் போகவில்லை. “கலாஸ். மாஃபி கலாம்” என்றார். முடிந்தது, இதைப் பற்றிப் பேச்சே கூடாது. புதைக்கும்படி சாகுலுக்குக் கைகாட்டிவிட்டு வண்டியேறினார். எங்கள் இருவரின் பாஸ்போர்ட்டுகளும் அவர் அலமாரியில் இருந்தன.

மண்வெட்டியோடு போன சாகுல் சற்று நேரத்தில் திரும்பி வந்தான். “காக்கா, உசுரு இருக்கு. என்னயவே பாக்குது. எப்புடிப் பொதைக்கிறது?”

பம்ப் ரூமில் சாக்கு விரித்து வைத்தோம். ஒரு இறக்கை தொங்கியது. காயத்துக்கு மஞ்சள் தடவினோம். பறவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் யார் சுட்டது என்று கேட்பார்கள். ஆகவே நாங்களே வைத்தியரானோம். சாகுல் கோழி வாங்கிவந்தான். ரத்தம் போகக் கழுவாத கறியை எங்கள் வீடுகளில் சட்டியில் போட விடமாட்டார்கள். நான் பக்கத்தில் நின்று, “மூணு தண்ணி பத்தாது, ஊறவை, நல்லா வெளுக்கட்டும்” என்றேன். நோயாளிக்குக் கொடுப்பது சுத்தமாக இருக்க வேண்டாமா? வல்லூறு இழுத்து இழுத்துத் தின்றது. எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. “மொகத்துல ஒரு சலிப்பு இல்ல பாருங்க. நம்ம மெஸ்ஸுல சேத்துரலாம்” என்றான் சாகுல்.

நான்காம் நாள் பக்கத்துத் தோட்டத்தில் வல்லூறு பழக்கும் பலூச்சிக்காரர் வந்தார். நரைத்த தாடி. கையில், முனையில் சிறகுகள் கட்டிய கயிறு. அதைத் தலைக்கு மேலே சுழற்றிக் கூப்பிட்டால் பழகிய பறவை எங்கிருந்தாலும் இறங்கி வருமாம். நான்கு நாளாகக் கூப்பிட்டுக் குரல் கட்டியிருந்தது. “பாய், மேரா பாஜ் தேகா?” என்றார். என் வல்லூறைப் பார்த்தீர்களா என்று. பறவை அவர் முதலாளியுடையது; அவர் ‘என்’ என்றுதான் சொன்னார்.

நான் “மாஃபி” என்றேன். இல்லை.

அவர் தண்ணீர் வாங்கிக் குடித்து, நன்றி சொல்லி, கயிற்றைச் சுழற்றியபடியே போனார். அவர் குரல் பம்ப் ரூமுக்குள் வல்லூறுக்குக் கேட்டிருக்கும். சாகுல் என்னைப் பார்க்காமல் சொன்னான்: “பாஸ்போர்ட்தான் காக்கா அர்பாப்கிட்ட இருக்கு. வாயி நம்மகிட்டதான இருக்கு.” நான் நோட்டை எடுத்து அன்றைய காற்றின் திசையை எழுதினேன்.

ஆறாம் நாள் காலை அதனால் நிற்க முடியவில்லை. முந்தின நாள்வரை ஆவலாகத்தான் தின்றது. உடம்பு மட்டும் கரைந்துகொண்டே வந்திருந்தது. சாகுல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் சட்டையைக் கழற்றி, அதில் சுற்றித் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்தான். நான் பின்னால் ஓடினேன்.

பலூச்சிக்காரர் கோபப்படவில்லை. சுட்டது யார் என்றும் கேட்கவில்லை. மடியில் வாங்கி, அதன் நெஞ்செலும்பை இரண்டு விரலால் தடவினார். “க்யா கிலாயா?” என்ன கொடுத்தீர்கள்? கோழி என்றான் சாகுல். கழுவினீர்களா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, தண்ணீர் வெளுக்கும்வரை, சுத்தமாக, என்றேன்.

அவர் அதன் இறகுகளை நீவிவிட்டார். பிறகு, வகுப்பில் சொல்வதுபோல் இல்லாமல், மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். கொழுத்த பறவையை மெலிய வைக்கத்தான் வல்லூறு பழக்குகிறவர்கள் கழுவிய கறி கொடுப்பார்களாம். வயிறு நிறையும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. இறக்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது ஆறியிருக்கும்” என்றார்.

நண்பகல் லுஹர் பாங்குக்கு முன்பே அவர் மடியில் அது இறந்தது. தோல்வாரை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தன் முதலாளியிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அந்தத் தோட்டத்தில் அவர் வேலையில் வேறு ஆள் இருந்தார். சாகுல் அதன் பிறகும் என்னோடு பேசினான், சிரித்தான், ‘காக்கா’ என்றே கூப்பிட்டான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பின்னால் அங்கே நிலத்தடி நீர் உப்பேறிவிட்டது. பார்லியை நிறுத்தினார்கள், புறாக்கள் யாரும் சுடாமலே போய்விட்டன. இப்போது சுவரை இடித்து, பம்ப் ரூமை இடித்து, வரிசை வரிசையாக வீடுகள் கட்டியிருப்பதாகச் சொல்கிறார்கள். பலூச்சிக்காரர் அன்று வந்து நின்ற இடத்துக்கும் பம்ப் ரூம் கதவுக்கும் எவ்வளவு தூரம் என்று அந்த வாரமே அடி வைத்து அளந்து நாட்குறிப்பில் எழுதியிருந்தேன். பத்தொன்பது அடி. இரண்டு இடமும் இன்று இல்லை. பத்தொன்பது இருக்கிறது.