டைப்பிஸ்ட் அக்காவின் ரப்பர்

ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் தொழிற்சாலை ஆபீசில் ஒரு டைப்பிஸ்ட் அக்கா இருந்தார். ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி. தோல் ஊறும் தொட்டிகளின் காற்றில் அவருடைய வெள்ளி மோதிரம் கருத்துப்போகும். தினமும் பென்சில் ரப்பரால் அதைத் தேய்த்துவிட்டுத்தான் டைப்ரைட்டரைத் தொடுவார்.

என் பொறுப்பில் புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர் ஒருநாள் காலை உயிர்பெறவில்லை. அதற்குள் இருந்த ஏற்றுமதிக் கணக்குகளை அச்சிட்டு, அந்தக் காகிதங்களோடு இரண்டு மணிக்கு லாரி மெட்ராசுக்குக் கிளம்ப வேண்டும்.

"இது ஓடுனா டைப்பிஸ்ட் வேணாம். ஓடலன்னா நீ வேணாம்," என்றார் மேனேஜர் என்னிடம், அக்காவின் காதுபடவே.

ஒயர், பியூஸ் எல்லாம் பார்த்தாயிற்று. மணி ஒன்றரை. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, உள்ளே செருகியிருந்த, ஓரத்தில் உலோகப் பற்கள் கொண்ட சர்க்யூட் அட்டையை உருவினேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, இதோட பல்லெல்லாம் என் மோதிரம் மாதிரி கருத்துப் போச்சு?" ரப்பரை நீட்டினார்.

தேய்த்துச் செருகினேன். திரையில் பச்சை எழுத்துகள் வந்தன.

"ஏன்க்கா குடுத்தீங்க?"

"கருப்பா இருந்தா தேய்க்கத்தான் தோணுது. ரப்பர குடு, நாளைக்கி வேணும்."

நாளைக்கு அவருக்கு அங்கே நாற்காலி இருக்குமா என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.